நீளக் கம்பியும் சிவப்புக் கட்டைகளும்

ஓய்வு பெற்ற ஆளுக்கு வேலைத்தலத்திலிருந்து தொலைபேசி வந்தால் அது செத்தவீட்டுச் செய்தியாக இருக்கும், இல்லாவிட்டால் ஸ்ரோர்ப் பூட்டின் திறப்பு எங்கே என்ற கேள்வியாக இருக்கும். போன மாதம் சுதர்சினி எடுத்தது இரண்டிலும் சேராது. நான் விட்டு வந்த அன்ரனாக் குழுவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு.

“அக்கா, எங்களுக்குப் புதுசா ஒரு பாதுகாப்பு மேற்பார்வையாளர் வந்திருக்கிறார். அவர் கேக்கிறார், ஸ்ரோரிலை நீலம் கிடக்கு, மஞ்சள் கிடக்கு, பச்சை கிடக்கு, சிவப்புப் பெயின்ற் மட்டும் ஏன் இல்லை எண்டு. பழைய கொப்பியிலை அருளானந்தம் சேர் தன்ரை கையெழுத்திலை ‘சிவப்பு வாங்கக் கூடாது’ எண்டு எழுதி வைச்சிருக்கிறார். காரணம் எழுதேல்லை.”

காரணத்தை எழுதாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. காரணம் நான்தான். என் கையால் பூசிய சிவப்பைக் கண்டு ஒரு குடும்பம், பல வருஷம் காத்திருந்து கைக்குக் கிடைத்த தங்கள் சொந்த வயலுக்குள் கால் வைக்காமல் திரும்பிப் போனது. தொலைபேசியில் பாதி சொன்னேன். மீதியை எழுதித் தாங்கோ அக்கா என்று கேட்டாள். அதுதான் இது.

என் பெயர் வசந்தி. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பியபோது என்னிடம் இருந்த ஒரே தகுதி, நெடுநேரம் குனிந்திருக்கக்கூடிய முதுகு. அதை நம்பி மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனேன். ஆறு வருஷம் செய்தேன். முகத்துக்குக் கவசம், கையில் ஒரு சின்னச் சுரண்டி, ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம். அந்த வேலை முடிகிற காலத்தில்தான் அருளானந்தம் சேர் எங்களைத் தேடி வந்தார். தொலைபேசித் திணைக்களத்தில் நெடுங்காலம் பொறியியலாளராக இருந்து இளைப்பாறி, வவுனியாவில் சின்னதாக ஒரு ரேடியோ நிறுவனம் தொடங்கியிருந்தார். “நேரா நடக்கத் தெரிஞ்ச, அடுத்த அடி வைக்க முதல் நிலத்தைப் பாக்கிற ஆக்கள் எனக்கு வேணும்” என்றார். எட்டுப் பெண்கள் போனோம். மூன்று மாதப் பயிற்சியில் ஈயம் பற்றவைக்கவும், திசைகாட்டி பார்க்கவும், மீற்றர் வாசிக்கவும் படித்தோம். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, கை சுட்டதைத் தவிர.

எங்கள் நிறுவனம் ஆஸ்பத்திரிகளுக்கும் மீன்பிடிச் சங்கங்களுக்கும் கோபுரம் நாட்டும். ஆனால் சேரின் உயிர் வேறொன்றில் இருந்தது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. லைசென்ஸ் எடுத்து, வீட்டிலேயே ரேடியோ வைத்து, இலாபம் ஒன்றும் இல்லாமல் ஆளுக்காள் கதைத்துக்கொள்கிறவர்கள். தூரத்து நாட்டு ஆளின் சத்தம் கேட்டால் போதும், மூன்று நாள் சாப்பாடு வேண்டாம். சேரும் அப்படி ஒருவர். அவர்களுக்கு வன்னி பிடிக்கும். பட்டணத்தில் இருக்கிற மின்சார இரைச்சல் இங்கே இல்லை, ஆள் நடமாட்டமில்லாத நீளமான நிலமும் உண்டு. அந்த நிலத்தில் ‘கேட்கிற கம்பி’ இழுத்துக் கொடுப்பதுதான் எங்கள் குழுவின் வேலை.

அன்ரனா என்றால் உயரம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கதைப்பதற்கு உயரம் வேண்டும், சரி. தூரத்துச் சத்தத்தைக் கேட்பதற்கு உயரத்தைவிட நீளம் உதவும். கால் கிலோமீற்றருக்கு மேல் ஒற்றைக் கம்பி, கை உயர்த்தினால் தொடுகிற உயரத்தில், எந்த நாட்டைக் கேட்க வேண்டுமோ அந்தத் திசைக்கு நேராக ஓட வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு இரண்டு வருஷம் எடுத்தது.

முதல் நாள் சேர் ஒன்றையும் தூக்க விடமாட்டார். கம்பி, கம்பம், கோடரி எல்லாம் வாகனத்தில் கிடக்க வேண்டும். வெறுங்கையோடு கோட்டின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு நடக்க வேண்டும், பிறகு திரும்பி நடக்க வேண்டும். எங்கே புற்று, எங்கே யானைப் பாதை, எந்த மரத்தின் கொப்பு காய்ந்து நிற்கிறது என்று கொப்பியில் எழுத வேண்டும். வந்து சொன்னால் கேட்டுவிட்டு, “இன்னொருக்கா” என்பார். அந்த ஒரு சொல்லில் எங்கள் செருப்பெல்லாம் தேய்ந்தது.

இரண்டாம் நாள் கம்பங்கள். முப்பது காலடிக்கு ஒன்று, காட்டுத்தடியில். ஒவ்வொரு கம்பத்தையும் இரண்டு பக்கமும் கயிற்றால் இழுத்து, முழங்கால் உயரக் கட்டை அறைந்து கட்டுவோம். கம்பிக்குச் சேர் தெரிந்தெடுத்தது, அந்த நாட்களில் வன்னி முழுக்க வேலி கட்டப் பயன்பட்ட கறுப்பு ரெலிபோன் வயர். போர்க்காலத்தில் காடெங்கும் இழுத்து விட்டுப்போனது. உள்ளே உருக்கு இழையும் செம்பு இழையும் இருப்பதால் இலேசில் அறாது. அதைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டவே கூடாது. ஒரு துண்டு பிளாஸ்ரிக் குழாய்க்குள்ளால் விட்டால் கம்பி தன்பாட்டில் வழுகி ஓடும். கொப்பு முறிந்து விழுந்தால் கம்பி நிலத்துக்குப் போய்விட்டு, கொப்பை எடுத்ததும் தானே மேலே வரும். யானைக்கு மட்டும் இது சரிவராது. யானை கொப்பு மாதிரி நாகரிகமாக விழாது.

மூன்றாம் நாள்தான் உயிர்நிலை. தூரத் தலைப்பில் ஒரு செம்புக் கோலை மண்ணுக்குள் ஆழ அறைந்து, கம்பிக்கும் அதற்கும் இடையில் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு மின்தடையியைப் பற்றவைப்போம். மழை படாமல் மாத்திரைப் போத்தலுக்குள் அதை மூடுவோம். அது இல்லாவிட்டால் கம்பி முன்னாலும் கேட்கும், பின்னாலும் கேட்கும், கலியாண வீட்டில் நடுவில் இருக்கிற ஆள் மாதிரி. அது இருந்தால் பின்னால் வருகிற சத்தம் ஓடிப்போய் அந்தத் தடையியில் அடங்கிவிடும், முன்னால் வருவது மட்டும் வீட்டுக்கு வந்து சேரும். ஐப்பசி மின்னலுக்கு முதலில் சாவது அந்தத் தடையிதான். அதனால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சேர் காதில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடுவார். நாங்கள் சுற்றி நிற்போம். நல்லது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஹெட்போனைக் கழற்றி அடுத்த ஆளிடம் கொடுத்தால் நல்லது என்று அர்த்தம். எங்களில் மூத்தவளுக்கும் இளையவளுக்கும் அவர் ‘நீங்கள்’தான். கோபம் வந்தால் அந்த ‘நீங்கள்’ இன்னும் மரியாதையாக வரும்.

மண் விஷயத்தில் அவர் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. கொழும்பு வாடிக்கையாளர் ஒருவர், உப்புத் தண்ணீர்க் கரையில் ரேடியோ நன்றாக எடுபடும் என்று கேள்விப்பட்டு, ஆனையிறவுப் பக்கம் உவர் நிலத்தில்தான் கேட்கிற கம்பியும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சேர் ஒருமுறை வேண்டாம் என்றார், பிறகு விட்டுவிட்டார். இழுத்தோம். எட்டுத் திசையிலும் ஒரே மாதிரி இரைச்சல், கம்பி செவிடு. வாடிக்கையாளர் முகம் தொங்கிவிட்டது. சேர் கம்பியைச் சுற்ற வைத்து, பரந்தனுக்குத் தெற்கே மூன்று போகம் புல்லும் முளைக்காத ஒரு மணல் தரையில் இழுப்பித்தார். அடுத்த நாள் விடியலில் அந்த மனுஷன் ஹெட்போனோடு இருந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் தெரிகிறது. கதைக்கிற அன்ரனாவுக்கு உப்புநிலம் நல்லது, தாழ்வாக ஓடுகிற இந்தக் கம்பிக்கோ ஒன்றுக்கும் உதவாத வறண்ட மண்தான் விருப்பம். அன்று எனக்கு அந்தக் கம்பி மேல் ஒரு பாசமே வந்தது. ஒருவருக்கும் வேண்டாத நிலத்துக்கு ஒரு மரியாதை கொடுக்கிறதே என்று.

காட்டுக்குள் வயர் இழுப்பது இந்த ஊரில் இலேசான விஷயமா? பொலிஸ், இராணுவ முகாம், பிரதேச செயலகம், வன இலாகா, கிராம அலுவலர் என்று ஐந்து கடிதம் வேண்டும். “கம்பி இழுக்க ஒரு கிழமை, கடிதம் இழுக்க ஒரு மாசம்” என்று சேர் பகிடி விடுவார். ஆனால் ஐந்தும் கைக்கு வராமல் ஒரு கட்டையும் அறையவிட மாட்டார். அந்த ஐந்தும் சரியாக இருந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன்.

முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே திரும்பிப் போகும் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து இளைப்பாறிய ஒருவர், நாங்கள் கப்பல் ஐயா என்போம், மாரி முழுக்க ஐரோப்பாவைக் கேட்பதற்கென்று அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். கம்பி வடமேற்கே ஓட வேண்டும். பாதித் தூரம் காட்டோரம், மீதி ஒரு வயலின் ஓரமாகப் போகும் வீதி ஒதுக்கு, அரசாங்க நிலம். வயல் இரண்டு ஏக்கர், நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து, வெடி அகற்றி, அந்த ஆடியில்தான் உரித்துக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. உரித்துக்காரர் வவுனியாவில் இருக்கிறார்கள், இன்னும் வரவில்லை என்றார் கிராம அலுவலர். நாங்கள் நிற்கப்போவது வயலுக்குள் அல்ல, ஒதுக்கில். கடிதம் ஐந்தும் இருந்தது. உரித்துக்காரருக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, சேருக்கும் தோன்றவில்லை.

அதற்கு முந்திய வருஷம் வேறிடத்தில் ஒரு ட்ரக்டர் எங்கள் கயிற்றில் மாட்டி நான்கு கம்பத்தை இழுத்துக்கொண்டு போயிருந்தது. “இந்த முறை கட்டையளுக்கு மேலை ஏதும் நிறம் பூசுங்கோ, சாரதிமாருக்குத் தெரியட்டும்” என்றார் சேர். என்ன நிறம் என்று சொல்லவில்லை. வீட்டில் என்னிடம் அரை ரின் சிவப்பு இருந்தது. இருபத்தெட்டுக் கட்டை. ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு விரல் அகலத்துக்குச் சிவப்பு, விளிம்பு பிசகாமல். ஆறு வருஷம் கை பழகின வேலை அல்லவா, பார்க்க அழகாக இருந்தது. வரிசையாக அறைந்துவிட்டுத் தூர நின்று பார்த்து நானே என்னை மெச்சினேன். இதை எழுதும்போது எனக்கு என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது.

வெளியூர் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் உயரத்தில் தலை சிவந்த தடி வரிசையாக நின்றால் இங்கே அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: அதற்கு அப்பால் மிதிவெடி. அந்தத் தடிகளை நட்டவர்களில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படம் காட்டி, “சிவப்பைக் கண்டால் நில், வந்த வழியே திரும்பு” என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். அந்த நான்தான் ட்ரக்டர்காரனுக்குக் கயிறு தெரிய வேண்டும் என்று சிவப்பைப் பூசினேன். கைக்குத் தெரிந்த நிறம் மூளைக்குத் தெரியாமல் போய்விட்டது.

மூன்று கிழமை கழித்துத் தடையியைப் பார்க்கப் போனேன். மழை பெய்து வீதிக்கு அந்தப் பக்கம் வயல்களெல்லாம் இளம்பச்சை. எங்கள் கம்பியோரத்து இரண்டு ஏக்கர் மட்டும் புல் மண்டிக் கிடந்தது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அந்தப் பக்கம் வாடகைக்கு உழுகிற றபீக் நானா ட்ரக்டரோடு வந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம், பக்கத்து ஊர்க்காரர், அண்ணன் முறைக்கு நானா. அவரிடம் கேட்டேன், ஏன் நானா இந்த வயல் விதைக்கவில்லை என்று.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நீங்களே கேக்கிறீங்களே தங்கச்சி? காணிச் சொந்தக்காரி தவமணி அக்காவும் புருஷனும் முளைகட்டின நெல்லு மூண்டு மூட்டையோட லான்ட்மாஸ்டர் வண்டியிலை வந்தவை. உழ என்னைத்தான் சொல்லியிருந்தவ. வந்து ரோட்டிலை கொஞ்ச நேரம் நிண்டாங்க. அப்படியே திருப்பிக்கொண்டு போனாங்க.”

“ஏன் போனவை?”

“சிவப்புத் தடி நிக்குது, வயர் கட்டியிருக்குது. நானும் சொன்னன், இதுக்குள்ள ட்ரக்டரை இறக்க மாட்டன் எண்டு.”

“அது அன்ரனா நானா! ரேடியோக் கம்பி! ஆரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேப்பமெண்டுதான் யோசிச்சன். தடி அறையிறது ஆரெண்டு பார்த்தன். பார்த்தா நீங்க. நீங்கதானே முந்தி வெடி எடுத்த தங்கச்சி? அதுக்குப் பிறகு எனக்கு என்ன சந்தேகம்?”

வரம்பிலேயே குந்திவிட்டேன். முளைகட்டின நெல்லை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைக்கலாம். மூன்று மூட்டையும் அழுகிப் போயிருக்கும். எழும்பிய வேகத்தில் கயிறுகளை அவிழ்த்து, கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினேன். கம்பங்கள் சாய்ந்தன, கம்பி தொய்ந்து புல்லில் விழுந்தது. கப்பல் ஐயா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். சங்கதியைச் சொன்னேன். மாரி முழுக்கக் கேட்பதற்கென்று வந்த மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறு தலைப்பிலிருந்து பிடுங்கத் தொடங்கினார்.

கிராம அலுவலரிடம் விலாசம் வாங்கி, அன்றே பஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனேன். வாடகை வீடு, முன்னால் ஒரு தையல் மெசின். தவமணி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் சிவபாலன் கதிரையில் இருந்தார், வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். ‘வெடியெல்லாம் எடுத்துத் துப்புரவாக்கியாச்சு’ என்று யாரோ சொன்னதை நம்பி விறகுக்குப் போன காட்டில் போன கால். அதைக் கேட்ட பிறகும் நான் கொண்டுபோன விளக்கத்தைச் சொன்னேன். அன்ரனா என்றேன், கயிறு கட்டுகிற கட்டை என்றேன், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

தவமணி அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தா. “ஏன் பிள்ளை, தடியைப் புடுங்கினா வெடி போயிடுமோ?”

“அங்கை வெடி இல்லை அக்கா.”

“அப்பிடித்தான் இவருக்கும் சொன்னவை.”

பிடுங்கியதால் விஷயம் இன்னும் கெட்டுப்போனது என்பது அப்போதுதான் உறைத்தது. நட்டவள் ஓடி வந்து பிடுங்கினால் யார் நம்புவார்கள்? “நான் உம்மை ஏசேல்லை. ஆனா நான் அதுக்குள்ள இறங்க மாட்டன். இவரையும் விடமாட்டன்” என்றா. பிளேன்ரீ ஊற்றித் தந்துதான் அனுப்பினா. அது ஏச்சு வாங்குவதைவிடக் கசந்தது.

வெளியே வந்து சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒளிக்காமல் சொன்னேன். “நிறம் எண்டு சொன்னது நான். என்ன நிறமெண்டு சொல்லாமல் விட்டதும் நான். நீங்கள் முதல்லை போய்ச் சாப்பிடுங்கோ” என்று வைத்துவிட்டார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அவரே எடுத்தார். “தம்பியின்ரை வீட்டிலை விதைநெல்லு மூண்டு மூட்டை இருந்தது. ஊறப் போட்டாச்சு. நாளை மறுநாள் முளை தள்ளும். அதுக்குள்ள வயல் உழுதிருக்க வேணும்.”

“சேர், அவை வரமாட்டினம்.”

“வராட்டில் போகட்டும். உழுது வைக்கிறது எங்கட வேலை. அவையைக் கேட்டிட்டுத்தான் உழுவம். நானே போய்க் கேக்கிறன்.”

போனார். தவமணி அக்காவுக்கு முன்னால் கை கட்டிக்கொண்டு நின்று அவர் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். “அம்மா, பிழை எங்கட. நெல்லு எங்கட. நிலம் உங்கட. உழ விடுங்கோ. விதைக்கிறதோ விடுறதோ உங்கட விருப்பம்.” அக்கா கணவரைப் பார்த்தா. அவர் தலையாட்டினார். “உழுறதெண்டால் உழுங்கோ. நாங்கள் ரோட்டிலை நிண்டு பாப்பம்” என்றா.

மறுநாள் விடிய ஊருக்குப் போனோம். உழ ஆள் வேண்டுமே. றபீக் நானா மாட்டேன் என்றார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அவரைக் குறை சொல்ல முடியாது. முதலில் நான் கிராம அலுவலரிடம் போய், அந்தக் காணியைக் கையளித்த வரைபடத்தை எடுத்துத் தரச் சொல்லி, மூலைக் கல் ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். துப்புரவாக்கியது வேறொரு குழு. எங்கள் குழு இல்லை. வரைபடம் ஒழுங்காக இருந்தது, கையெழுத்துகள் இருந்தன, ஒரு மூலையும் விடுபடவில்லை. பிறகு றபீக் நானாவிடம் வந்தேன். “நான் முன்னாலை நடக்கிறன். நான் கால் வைச்ச இடத்திலைதான் உங்கட ட்ரக்டர் சில்லு வரும்” என்றேன்.

அவர் ட்ரக்டரை ஸ்ரார்ட் செய்தார். பிறகு, “ஏறிச் செருப்பைக் கழட்டி வைங்க. சேத்துக்குள்ள செருப்பு இழுபடும்” என்றார்.

பயம் இருக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஆறு வருஷம் கவசத்தோடு, முழங்காலில் நின்று, மண்ணைக் கேட்டுக் கேட்டு நகர்ந்தவள் நான். பிறர் துப்புரவாக்கிய நிலத்தில் வெறுங்காலோடு, கலங்கின தண்ணீருக்குள், அடி எங்கே விழுகிறது என்று தெரியாமல் நடப்பது என் உடம்புக்கே விரோதமான வேலை. முதல் சுற்று நடந்து முடிய என் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. பின்னால் ட்ரக்டர் மிக மெதுவாக, ஒரு மாட்டு வண்டி வேகத்தில் வந்தது. வீதியில் தவமணி அக்காவும் சிவபாலன் அண்ணரும் நின்றார்கள். பக்கத்தில் சேர் குடையோடு நின்றார். குடை விரிக்கவில்லை, மழை தூறிக்கொண்டிருந்தது.

எட்டாவது சுற்றிலோ என்னவோ றபீக் நானா எஞ்சினை நிறுத்தினார். “தங்கச்சி, போதும், மட்காட்டிலை ஏறுங்க. எனக்குப் பாக்க ஏலாம கிடக்கு.” “இன்னொருக்கா நானா” என்றேன். என் வாயில் சேரின் சொல் வந்ததை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. இன்னொருக்கா, இன்னொருக்கா என்று நான்கு வரம்பும் முடியும்வரை நடந்தேன். அரை நாள் போனது. குதிக்கால் இரண்டும் வெடித்துவிட்டது. கடைசி மூலை உழுது ட்ரக்டர் வரம்பேறியபோது வீதியைப் பார்த்தேன். தவமணி அக்காவும் அண்ணரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். சேர் என்னிடம் வந்து, சட்டைப் பையிலிருந்த தன் கைலேஞ்சியை எடுத்துத் தந்தார். “காலைத் துடையுங்கோ” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் விடிய நெல் மூட்டைகள் வரம்பில் இருந்தன. சாக்குக்கு வெளியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அன்று விதைக்காவிட்டால் அதையும் கொட்ட வேண்டும், பிறகு அந்தக் காலபோகம் அவர்களுக்கு இல்லை. கப்பல் ஐயா, றபீக் நானா, சேர், நான், நான்கு பேரும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பஸ் வந்தது, நிற்காமல் போனது. நாங்களே விதைத்து விடுவோமா என்று றபீக் நானா கேட்டார். “அவையின்ரை வயல்” என்றார் சேர்.

இரண்டாவது பஸ்ஸில் இறங்கினார்கள். சிவபாலன் அண்ணர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வரம்புக்கு வந்தார். தவமணி அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்தபடி பின்னால் வந்தா. வரம்பு முனையில் கையை இறுக்கி நிறுத்தினா.

“விடும் தவமணி. முதல்லை இந்தக் காலை வைக்கிறன்” என்று செயற்கைக் காலைத் தூக்கிக் காட்டினார். “இது போனால் இன்னொண்டு தருவினம்.”

“வாயைப் பொத்தும்! பகிடி விடுற நேரமே இது?” என்று அக்கா சத்தம் போட்டா. சத்தம் போடும்போதே கண்ணீர் ஓடியது. அவர் சிரித்துக்கொண்டே அந்தக் காலைச் சேற்றுக்குள் வைத்தார். பிறகு மற்றக் காலை. பிறகு இன்னும் நான்கு அடி போய், திரும்பி நின்று கையை நீட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தா. “உம்மில பிழை இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன், பிள்ளை.”

“ஓம் அக்கா.”

“ஆனா நடந்தனீர்.”

சேலையைச் செருகி, ஒரு கடகத்தில் நெல்லை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டா. கணவர் மிதித்த தடத்தில் அளவாகத் தன் காலை வைத்தா. அடுத்த தடத்தில் அடுத்த கால். தடங்கள் முடிந்த இடத்தில் ஒரு கணம் நின்றா. பிறகு தடமில்லாத சேற்றில் கால் வைத்து நடந்தா, கை வீசி விதைக்கத் தொடங்கினா.

ஆறு வருஷத்தில் நாங்கள் துப்புரவாக்கிய நிலங்களை எண்ணி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வரைபடம் கீறி, கையெழுத்து வைத்து, கையளித்துவிட்டு அடுத்த இடத்துக்கு வாகனம் ஏறியிருக்கிறோம். உரித்துக்காரர் வந்து முதல் அடி வைப்பதை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.